பொய்க்கொதி

சங்கரன்கோவிலில் கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசுகிறவர்கள் சுப்புத்தாயைக் காய் நறுக்கக் கூப்பிடுவதில்லை, தண்ணீருக்குக் கூப்பிடுவார்கள். பந்தியில் வைக்கிற தண்ணீர், ரசத்துக்கு ஊற்றுகிற தண்ணீர், கைப்பிள்ளைக்காரிகள் ஃபிளாஸ்க்கை நீட்டிக் கேட்கிற வெந்நீர் எல்லாம் அவள் பொறுப்பு. லாரியில் வந்து இறங்கும் தண்ணீரை முதலில் உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் நாக்கு நுனியில் வைப்பாள். அவள் தலையாட்டினால்தான் அண்டா அடுப்பில் ஏறும். "ஏலே, தண்ணி போலீசு வந்தாச்சு, கைய எடுங்கலே" என்று பந்தி பரிமாறுகிற இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. டிரம்முக்குள் சொம்பை விட வருகிறவன் கையை மட்டும் பிடித்து அப்புறப்படுத்துவாள்.

அவள் பிறந்த இளையரசனேந்தல் பக்கம் மழையை நம்பிய பூமி. தண்ணீர் இல்லையே என்ற கவலை அங்கே எல்லாருக்கும் உண்டு. சுப்புத்தாய்க்கு இருந்தது, இருக்கிற தண்ணீரைப் பற்றிய பயம். தறி ஓட்டப் பம்பாய்ப் பக்கம் பீவண்டிக்குப் போன அவள் வீட்டுக்காரர் வேல்ராஜ், கண்ணெல்லாம் மஞ்சளாகி ரயிலில் திரும்பி வந்தார். "அங்கன தண்ணி சரியில்லட்டி" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து ஆவணி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் குழாய், எந்தப் பானை, யார் மொண்டு கொடுத்தது என்று எதுவும் தெரியாததால், யாரைத் திட்டி அழுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு, காய்ச்சாத தண்ணீரை யாராவது வாயில் சாய்ப்பதைப் பார்த்தால் ஓடிப் போய்ச் சொம்பை வாங்கிவிடுவாள்.

சமையல் மாஸ்டர் தங்கப்பழம்தான் அவளை முக்திநாத் யாத்திரைக்கு இழுத்தவர். ராஜபாளையம் ரோட்டில் டிராவல்ஸ் நடத்தும் மகாராஜன் வருஷா வருஷம் ஒரு கூட்டத்தைக் காசிக்கு அழைத்துப் போவார். இந்தத் தடவை நேபாளத்துக்கும் சேர்த்து விளம்பரம் போட்டிருந்தார். கூடவே அடுப்பு, சிலிண்டர், அரிசி, பருப்பு, பாத்திரம், சமையல் ஆட்கள். எந்த நாட்டில் இறங்கினாலும் இலையில் நம்மூர்ச் சாம்பார் விழும் என்பது அவர் கொடுத்த வாக்கு.

"வெளிநாடா? எனக்கு ஒத்து வராது மாஸ்டர்."

"என்ன பெரிய வெளிநாடு? பாஸ்போர்ட்டே வேண்டாம், ஓட்டர் கார்டு போதும்."

"தண்ணி எப்படி இருக்கும்?"

"இமயமல, சுப்பு! ஐஸ் உருகி ஓடி வருத தண்ணி. அங்கன போயும் தண்ணிக்குப் பயப்படுத ஒரே பொம்பள நீயாத்தான் இருப்ப."

வரமாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது வேறொன்று உறைத்தது. அவள் போகாவிட்டால் யாத்திரை போகிற முப்பது பேர் பாட்டிலையும் யாரோ ஒருவன் எந்தக் குழாயிலோ பிடித்து நிரப்புவான். மறுநாள் மாஸ்டரிடம் போய், தானும் வருவதாகச் சொன்னாள்.

கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து எல்லை, அதற்கு மேல் மலை. ஒவ்வொரு ஊரிலும் அவள் வேலை ஒன்றுதான். கிடைத்த தண்ணீரை அண்டாவில் காய்ச்சுவாள். வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி, ஆறும்வரை மூடியைச் சாய்த்து வைப்பாள். ஆறியதும் மூடியைக் கயிற்றால் கட்டிவிடுவாள். காலையில் எல்லார் பாட்டிலும் அவள் கையால் நிறைய வேண்டும்.

யாத்திரைக்காரர்களில் அவளோடு அதிகம் வாயடித்தவர் குருவிகுளத்துத் துரைப்பாண்டி. எழுபது தாண்டியவர், உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. பாட்டிலை நீட்டும்போதெல்லாம், "ஏ தாயி, எங்க ஊருணித் தண்ணி குடிச்சு வளந்த வயிறு இது. அந்த ஊருணியில மாடு குளிக்கும், நாங்களும் குளிப்போம். எனக்கு எதுக்கு இந்த வெந்நி?" என்பார். அவர் மனைவி சங்கரேஸ்வரி பக்கத்திலேயே நிற்பார். நெற்றி நிறைய குங்குமம், வாயில் ஓயாத முணுமுணுப்பு, கையில் ஒரு துணிப்பை. "சும்மா குடிங்க. அந்தப் பிள்ள மெனக்கெட்டுக் காச்சுது" என்று கணவரை அதட்டுவார். சுப்புத்தாய் அவரை மதினி என்றும் துரைப்பாண்டியை அண்ணாச்சி என்றும் கூப்பிடப் பழகியிருந்தாள்.

முக்திநாத்தில் குளிர் எலும்பைக் கடித்தது. கோயிலின் நூற்றெட்டு நீர்த்தாரையில் நனைந்து நடுங்கி வந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறு போட வேண்டும் என்று தங்கப்பழம் விடியும் முன்பே உலை வைத்திருந்தார். உலை வெகு சீக்கிரம் தளதளவென்று கொதித்தது. அரிசிதான் வேகவில்லை. அள்ளி நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாக முழித்தது.

"பொய்க்கொதி" என்றார் தங்கப்பழம். "உசரத்துல வந்துட்டோம்லா? குமிழி மட்டும் வருது, சூடு ஏறல. பாத்தியா, அரிசி நம்மளப் பாத்துச் சிரிக்கி."

பக்கத்து அடுப்பில் சுப்புத்தாயின் அண்டாவும் அதேபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் குமிழிகளையே பார்த்தாள். அரிசியை வேகவைக்க முடியாத சூடு, தண்ணீரில் இருக்கிற கிருமியை மட்டும் என்ன செய்துவிடும்?

"மாஸ்டர், இது இன்னும் நேரம் கொதிக்கட்டும்."

"சிலிண்டர் சாகக் கெடக்கு சுப்பு. சோறா தண்ணியான்னு கேட்டா நான் சோறுன்னுதான் சொல்லுவேன். எறக்கு, நான் ரசத்த வைக்கணும்."

இறக்கினாள். மாஸ்டர் சொல்லைத் தட்டுகிற வழக்கம் சமையல் செட்டில் கிடையாது. துணியில் வடிகட்டி டிரம்மில் ஊற்றும்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. டிரம் இன்னும் சூடாக இருந்ததால், பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றி மூடியைச் சாய்த்து வைத்தாள். மலையிறங்கும் வழியில் கண்டகி ஆற்றங்கரையில் பஸ் நின்றது. எல்லாரும் சாளக்கிராமக் கல் பொறுக்க ஓடினார்கள். அவளும் பாத்திரத்தின் கரியைத் தேய்க்க மணல் அள்ளலாம் என்று இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது டிரம் ஆறியிருந்தது. மூடியை அழுத்திக் கயிற்றைக் கட்டினாள்.

அன்று பிற்பகல், கீழே ஒரு சிற்றூரில், மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. சரிவுக்கு இந்தப் பக்கம் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. மகாராஜன் ஓடியாடி, தகரக்கூரை போட்ட ஒரு தங்கும் விடுதியில் எல்லாருக்கும் இடம் பிடித்தார். மண் அள்ளுகிற இயந்திரம் வரும் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் துரைப்பாண்டி வாந்தி எடுத்தார்.

முதல் வாந்திக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. "பஸ்ஸு வளைஞ்சு வளைஞ்சு வந்துச்சுல்லா" என்றார்கள். அதற்குப் பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்கவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் அந்த மனிதர் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நாக்கு காய்ந்து, பேச்சு குழறியது. சங்கரேஸ்வரி அவர் காலைத் தேய்த்தபடி, "சங்கரநாராயணா, சங்கரநாராயணா" என்று ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகாராஜன் மருந்துப் பெட்டியோடு வந்தார். "டாக்டர் இருக்கது சரிவுக்கு அந்தப் பக்கமாம். போனும் எடுக்கல. உப்பு, சர்க்கர பொட்டலம் நெறைய இருக்கு. கலக்கி விடாமக் குடுத்துக்கிட்டே இருந்தா தாங்கிருவாரு. சுப்புத்தாயி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

சுப்புத்தாய் டிரம்மின் குழாயில் கையை வைத்தாள். திருகவில்லை.

மேலே மலையில் கொதித்த அந்தப் பொய்க் குமிழிகள் அவள் கண் முன்னால் வந்தன. இந்தத் தண்ணீரைத்தான் நேற்றிலிருந்து இவர் குடித்தார். இதனால்தான் இப்படி என்றால், இதையே மறுபடி கரைத்துக் கொடுப்பது அவரைத் தன் கையால் கொல்வது. இதனால் இல்லை என்றால், கொடுக்காமல் தாமதிப்பதும் அதே காரியம். வேல்ராஜ் கடைசி நாட்களில் கிடந்த கிடை நினைவுக்கு வந்தது. அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த, முகம் தெரியாத ஆளும் ஒருவேளை இப்படி ஒன்றும் தெரியாத ஒருத்திதானோ?

"இருங்க தம்பி. புதுசாக் காச்சித் தாரேன்."

"டிரம்மு நெறைய இருக்கே?"

"ஆறிப்போச்சு. சூடாக் குடுத்தாத்தான் நல்லது."

அவள் டிரம்மை மூலைக்கு நகர்த்தி, அதன் முன்னால் அரிசி மூட்டையை வைத்து மறைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

எங்கே பார்த்தாலும் தண்ணீர். கீழே ஆறு இரைந்தது. எதிர் மலையில் வெள்ளைக் கோடாக அருவி விழுந்தது. கூரையிலிருந்து சொட்டியது, பாதையில் ஓடியது, செருப்புக்குள் சளசளத்தது. இளையரசனேந்தலில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பம்புசெட் பம்புசெட்டாக அலைந்த காலத்தில்கூட அவளுக்கு இவ்வளவு தவிப்பு இருந்ததில்லை.

விடுதிக் குழாயைத் திறந்தாள். செம்மண் கரைசல் வந்தது. கடைக்கு ஓடினாள். பாதையில் நின்ற பஸ்காரர்கள் எல்லாம் வாங்கிப் போனதில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாகக் கடைக்காரன் கையை விரித்தான். பக்கத்தில் நின்ற ஒருவன் சைகை காட்டி, சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினான். அவள் வாங்கி மூடியைத் திருகினாள். புதுப் பாட்டில் திறக்கும்போது ஒரு முறிவுச் சத்தம் வரும், விரலுக்கே தெரியும். இந்த மூடி சத்தமில்லாமல் வழுக்கிச் சுழன்றது. யாரோ குடித்துப் போட்ட பாட்டிலில் எந்தத் தண்ணீரையோ நிரப்பியிருக்கிறார்கள். கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பாதையோரப் பாறையிலிருந்து ஒரு மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. லாரி டிரைவர்கள் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏந்தி முகர்ந்தாள், வாடை இல்லை. நாக்கில் வைத்தாள், இனித்தது. குடத்தை நீட்டப் போனவள், எதற்கும் பார்ப்போம் என்று பாறையைப் பிடித்து மேலே ஏறினாள். மேலே கோவேறு கழுதைகளைக் கட்டுகிற பட்டி. முழங்கால் ஆழத்துக்குச் சாணிச் சேறு. அந்தச் சேற்றை நனைத்துக்கொண்டுதான் அந்தப் பளிங்குத் தண்ணீர் இறங்கியது.

இறங்கி வந்து பாதையில் நின்றாள். காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இத்தனை வருஷம் நம்பியவளுக்கு, நேற்றிலிருந்து அந்த நம்பிக்கையும் போயிருந்தது. முகத்தில் தூறல் விழுந்தது. துடைத்தாள், மறுபடி விழுந்தது. துடைத்த கையைப் பார்த்தாள்.

வானத்திலிருந்து நேராக வருகிற தண்ணீரை அவள் அதுவரை நினைக்கவில்லை.

விடுதிக்கு ஓடி வந்தாள். உப்புத் தண்ணீர் ஊர்களில் மழை பெய்தால் வீட்டு முற்றத்தில் வேட்டி கட்டுவார்கள். நான்கு மூலையையும் கம்பில் இழுத்துக் கட்டி, நடுவில் கழுவிய கல்லைப் போட்டால், மழை அந்த இடத்தில் சேர்ந்து துணி வழியாகக் குடத்துக்குள் வடியும். கூரை தொடாத, மண் தொடாத தண்ணீர்.

"மதினி, அண்ணாச்சிகிட்ட புது வேட்டி இருக்கா?"

சங்கரேஸ்வரி எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கும் குருவிகுளம்தானே. பையிலிருந்து மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டியை உருவிக் கொடுத்தார். தங்கப்பழத்தின் கரண்டிக் கம்புகளையும் பஸ்ஸின் ஜன்னலையும் பிடித்துச் சுப்புத்தாய் அதை முற்றத்தில் கட்டினாள். துணி முதலில் நனைந்தது; கல் இருந்த இடம் மெல்லத் தொய்ந்தது; ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு வர யுகம் ஆன மாதிரி இருந்தது. உள்ளே துரைப்பாண்டி மறுபடி குமட்டுகிற சத்தம் கேட்டது.

நிற்கப் பொறுக்காமல் அவள் மூலையிலிருந்த டிரம்மை இழுத்து வந்தாள். வேறு யாரும் இதில் கை வைப்பதற்குள் கொட்டிவிட வேண்டும். கயிற்றை அவிழ்த்துச் சாய்த்தாள். தண்ணீர் முற்றத்தில் பாய்ந்தது. கடைசியில், டிரம்மின் அடியில், கறுப்பாக ஒரு பிடி மணல் தெரிந்தது.

துணியில் வடிகட்டிய தண்ணீரில் மணல் எப்படி வரும்? அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அலறல் கேட்டது.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத? தீர்த்தத்தக் கொட்டுதியே!"

சங்கரேஸ்வரி ஓடி வந்து டிரம்மை நிமிர்த்தப் பார்த்தார்.

"எந்தத் தீர்த்தம் மதினி?"

"கண்டகித் தீர்த்தம்ட்டி. நேத்து ஆத்துல மொண்டு ஒரு கேன் ஊத்துனேன். மூடி தெறந்துதான இருந்துச்சு? எல்லாரும் குடிக்கட்டும், எல்லாருக்கும் புண்ணியம்னு. ஊர்ல காசிக்குப் போயிட்டு வந்து நம்ம கெணத்துல ஊத்தல? தெருவே குடிக்கல? அந்த மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் வாய் நின்றது. சுப்புத்தாயின் முகத்தைப் பார்த்தார். டிரம்மின் அடியில் கிடந்த மணலைப் பார்த்தார். உள்ளே கணவர் கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். குங்குமத்துக்குக் கீழே முகம் சாம்பலாக வெளுத்தது.

"ஏட்டி சுப்பு... அவரு நேத்து சாயங்காலம் ரெண்டு பாட்டிலு குடிச்சாரே. நாந்தான் குடிங்க குடிங்கன்னு குடுத்தேன்..."

அப்படியே சேற்றில் உட்காரப் போனவரைச் சுப்புத்தாய் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கோபம் வரவில்லை. வருவதற்கு நேரமில்லை. இந்த அம்மா இப்போது உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

"மதினி, இங்க பாருங்க. இப்ப அழக்கூடாது. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். உள்ள போயி அண்ணாச்சி தலைய மடியில எடுத்து வையுங்க. நான் தண்ணி கொண்டு வாரேன். கரண்டி கரண்டியா நீங்கதான் குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் அவரு குடிக்க மாட்டாரு."

"நானா? என் கையாலயா?"

"உங்க கையாலதான்."

சங்கரேஸ்வரி உள்ளே போனார். சுப்புத்தாய் மேலே பார்த்தாள். கடவுள் புண்ணியத்தில் தூறல் வலுத்திருந்தது. வேட்டியிலிருந்து இப்போது நூலாக இறங்கியது.

குடத்தில் நாலு விரல் சேர்ந்ததும் விடுதி அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சிலிண்டர் தீர்ந்திருந்தது. அடுக்களையில் விடுதிக்கார அம்மாள் விறகு அடுப்பு மூட்டியிருந்தாள். "தாத்தோ பானி?" என்று கேட்டாள். வெந்நீரா என்று அர்த்தம். வழிநெடுகக் கேட்டுப் பழகிய வார்த்தை. சுப்புத்தாய் வேகமாகத் தலையாட்டி, தன் வயிற்றைத் தொட்டு, அறையைக் காட்டி, இரண்டு கையையும் குவித்தாள். அந்த அம்மாள் தன் கெட்டிலை இறக்கிவிட்டு, குடத்துத் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி வைத்து, காய்ந்த கட்டையாகப் பார்த்துத் தள்ளினாள்.

தண்ணீர் கொதித்தது. சுப்புத்தாய் நம்பவில்லை. ஒரு பிடி அரிசியைத் துணிக் கிழிசலில் முடிந்து உள்ளே போட்டாள். கொதி மெய்யா பொய்யா என்று அரிசி சொல்லட்டும். குனிந்தபடி காத்திருந்தாள். புகை கண்ணில் ஏறியது. முடிச்சை எடுத்து ஒரு பருக்கையை நசுக்கினாள். நடுவில் வெள்ளை. மறுபடி போட்டாள். அறையிலிருந்து சத்தம் எதுவும் வராதது, சத்தம் வந்ததைவிடப் பயமாக இருந்தது. இன்னொரு பருக்கையை நசுக்கியபோது அது விரலுக்கு இடையில் மாவாகக் குழைந்தது.

பொட்டலத்தைக் கரைத்து, ஆற்றி, முதல் மடக்கைத் தான் குடித்துப் பார்த்தாள். பிறகு சங்கரேஸ்வரியின் கையில் கொடுத்தாள். அவர் கரண்டியைத் துரைப்பாண்டியின் உதட்டுக்குக் கொண்டு போனார். முதல் நாலு கரண்டி அப்படியே வெளியே வந்தது. "இன்னும் குடுங்க மதினி. மெதுவா." ஐந்தாவது கரண்டி உள்ளே நின்றது.

இனி மற்றவர்கள். சுப்புத்தாய் ஒவ்வொருவரிடமும் போய்ப் பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கவிழ்த்தாள். கூடத்தில் கூச்சல் கிளம்பியது. மகாராஜன் அவளை வழிமறித்தார்.

"என்ன நடக்கு? எதுக்குக் கொட்டச் சொல்லுத? அந்தத் தண்ணிக்கு என்ன?"

"தண்ணி சரியில்ல தம்பி."

"சரியில்லையா? நீ காச்சலையா?"

அறைவாசலில் சங்கரேஸ்வரியின் சேலை தெரிந்தது. கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. அவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

"அண்டாவச் சீக்கிரம் எறக்கிட்டேன்" என்றாள் சுப்புத்தாய்.

அது பொய்யும் இல்லை. அடுப்போரம் நின்ற தங்கப்பழம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அட பாவி! உன்ன நம்பித்தான முப்பது பேர இந்த மல மேல கூட்டியாந்தேன்? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அவரு மக்கமாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஊருக்குப் போனதும் இருக்கு உனக்கு. ஒரு கல்யாண வீட்டு வாசல்ல நீ நிக்க முடியாது."

அவள் தலை குனிந்து நின்றாள். கல்யாண வீட்டு வாசலைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அறைக்குள் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டியிருந்தாள். கேட்டது.

அதன் பிறகு பொழுது நகரவே இல்லை. முற்றம், அடுக்களை, அறை என்று சுற்றி வந்தாள். வேட்டியிலிருந்து குடம், குடத்திலிருந்து சட்டி, சட்டியிலிருந்து சொம்பு. ஒவ்வொரு சட்டிக்கும் அரிசி முடிச்சு. அறை வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்டாள்.

"மதினி, ஒண்ணுக்குப் போனாரா?"

"இல்லட்டி."

"போனதும் சொல்லணும்."

காலையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. உடம்பில் தண்ணீர் சேர்ந்தால்தான் சிறுநீர் இறங்கும் என்று வேல்ராஜ் கிடந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லியிருந்தாள். கடைசி நாளில் அந்தக் கேள்விக்குச் சுப்புத்தாய் சொல்லிக்கொண்டிருந்த பதிலும் இல்லை, இல்லை என்பதுதான்.

தூறல் குறைந்தது. மறுபடி பிடித்தது. மலைக்கு அப்பால் இயந்திரம் ஒன்று உறுமுவது கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. மத்தியானச் சோற்றை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளோடு பேசவும் இல்லை. அவள் கடந்து போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அறைக்குள்ளிருந்து கம்மிய குரல் ஒன்று வந்தது. "ஏ தாயி... என் மூத்திரத்துக்கா வாசல்ல காவல் நிக்க? சர்க்காரு வேல மாதிரி..." துரைப்பாண்டிதான். சங்கரேஸ்வரி அவரைத் தாங்கிப் பிடித்து மெல்லக் கழிவறைக்கு நடத்திப் போனார். சுப்புத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சத்தமில்லை. அப்புறம், சன்னமாக, விட்டு விட்டு, ஒரு சத்தம்.

சங்கரேஸ்வரி கதவைத் திறந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கண்ணீர். "போயிட்டாருட்டி! மஞ்சளாப் போச்சு, ஆனாப் போயிட்டாரு!" என்று கூடமே கேட்கக் கத்தினார். கத்திய வேகத்திலேயே நிற்காமல், எல்லார் முன்னாலும் கொட்டினார். "சுப்புத்தாய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் ஆத்துத் தண்ணிய டிரம்முல ஊத்துனேன். புண்ணியம்னு ஊத்துனேன். எம் புருசனுக்கே எமனா வந்துட்டேன். நாந்தான், நாந்தான்."

சுவரோடு சாய்ந்து நின்ற துரைப்பாண்டிதான் முதலில் பேசினார்.

"அடியே, என்னைய மோட்சத்துக்கு அனுப்பத்தான் இம்புட்டு தூரம் கூட்டியாந்தியா? சொல்லியிருந்தா ஊர்லயே கெணத்துல விழுந்திருப்பேம்லா."

யாரோ ஒருவர் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். சங்கரேஸ்வரி அழுதுகொண்டே அவர் கையில் ஒரு அடி வைத்தார்.

மகாராஜன் சுப்புத்தாயிடம் வந்தார். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் தம்பி."

"பெறகு ஏன் வாயத் தெறக்கல? நான் அத்தன பேசுனேனே."

"அப்ப சொல்லியிருந்தா மதினி ஒடைஞ்சு போயிருப்பாவ. கரண்டி புடிக்க ஆளு இல்லாமப் போயிருக்கும்."

தங்கப்பழம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப உன் மேல ஒரு தப்பும் இல்ல சுப்பு. நானும் காலையிலேர்ந்து மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆத்துத் தண்ணிதான் காரணம். தீந்துச்சு."

அவள் முற்றத்தில் கிடந்த டிரம்மைப் பார்த்தாள். ஆற்றுத் தண்ணீரா, அரைக்கொதித் தண்ணீரா? டிரம்மில் இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் கிடந்தன. எது அந்த மனிதரைச் சாய்த்தது என்று பிரித்துச் சொல்ல இனி ஆள் இல்லை. தீர்ந்தது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போக மாஸ்டரால் முடிந்தது. அவள் காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தாள், அரிசி மூட்டை மேல். எழுந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

கூடத்தின் மறுகோடியில் யாத்திரைக்கு வந்திருந்த ராயகிரிக்காரப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கழிவறைப் பக்கம் வேகமாகப் போனாள்.

சிரிப்புச் சத்தத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. சுப்புத்தாய் கையூன்றி எழுந்தாள். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, தூறலும் இருந்தது. முற்றத்துக்குப் போய், தளர்ந்திருந்த வேட்டியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினாள்.